நந்தனாருக்கு ஒரு லட்சம்

திருவதிகைக்காரர்களுக்குச் சினிமாக்காரர்கள் மேல் ஒரு பழைய கோபம் உண்டு. அதாவது, இருக்க வேண்டும். பண்ருட்டி பலாப்பழத்துக்கும் முந்திரிக்கும் நடுவில் யாருக்கும் கோபப்பட நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஊர் சார்பில் நானே கோபித்துக்கொள்கிறேன்.

ஏழாம் நூற்றாண்டிலேயே எங்கள் பக்கத்தில் ஒரு முழுநீளப் படத்துக்குக் கதை தயார். கதாநாயகன் திருவாமூர் மருள்நீக்கி, பின்னாளில் அப்பர். சிறுவயதிலேயே தாய் தந்தை இல்லை. அக்கா திலகவதிக்கு நிச்சயித்த மாப்பிள்ளை கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டுபோகிறார். அக்கா உயிரை விடப் போனவள், தம்பிக்காக உயிரோடு இருக்கிறாள். தம்பி என்ன செய்கிறான்? சமணத்தில் சேர்ந்து தருமசேனர் என்று பெரிய ஆளாகிவிடுகிறான். பிறகு வயிற்றில் சூலை. மயிற்பீலியால் தடவிப் பார்த்தும் அடங்காத வலி. ராத்திரியோடு ராத்திரியாகக் கெடிலக்கரைக்கு ஓடிவருகிறான். அங்கே வீரட்டானேசுவரர் கோயிலைப் பெருக்கி மெழுகிக்கொண்டிருக்கும் அக்கா ஒரு கை திருநீறு கொடுக்கிறாள். வலி போயிற்று. இடைவேளை.

பிற்பாதி முழுக்க ஸ்டன்ட். பல்லவ மன்னன் ஆளைச் சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைக்கிறான். நஞ்சு கலந்த சோறு போடுகிறான். மதயானையை விடுகிறான். ஒன்றும் பலிக்காமல் கல்லில் கட்டிக் கடலில் போடுகிறான். கல் மிதந்து கடலூரில் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரை தட்டுகிறது. அந்த இடத்துக்குக் ‘கரையேறவிட்ட குப்பம்’ என்று பெயரே இருக்கிறது. லொகேஷன் தேடும் செலவும் மிச்சம். கடைசி ரீலில் வில்லன் மனம் திருந்தி, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அந்தக் கல்லையெல்லாம் கொண்டுவந்து திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டினான் என்கிறார் சேக்கிழார். வில்லனே செட் போட்டுக் கொடுத்த ஒரே கதை இதுவாகத்தான் இருக்கும். சமணர்களைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். ஆனால் திரைக்கதை உரிமை எப்போதும் ஜெயித்த கட்சியிடம்தான்.

இவ்வளவு இருந்தும் எம்.கே. தியாகராஜ பாகவதர் அப்பராக நடிக்கவில்லை. வள்ளியை ஒத்த பெண்களையும் வாளேந்திய பகைவர்களையும் பார்த்தார். அப்பரின் உழவாரப் படையைத் தொடவே இல்லை. காரணம் எனக்குத் தெரியும். அப்பருக்குத் தலை மழித்திருக்க வேண்டும். பாகவதர் கிராப்பில் பாதித் தமிழ்நாடு உயிரை வைத்திருந்தது. அந்தத் தலையில் கத்தி வைக்க எந்தத் தயாரிப்பாளருக்குத் துணிச்சல் வரும்? இதைவிடப் பெரிய குறை, அப்பர் கதையில் தாசி இல்லை. முதல் பாதியில் கெட்டுப்போவதற்கு ஒரு வழியும் வைக்காமல் நேரே வயிற்றுவலிக்குப் போய்விடுகிறார் மனிதர். வயிற்றுவலியை வைத்து எத்தனை டூயட் போட முடியும்? அப்பருக்கு ஒரு நல்ல வேஷம் கிடைக்க 1967 ஆயிற்று. ஏ.பி. நாகராஜனின் ‘திருவருட்செல்வ’ரில் சிவாஜி கணேசன் தொண்டுகிழவராகக் கூனிக் குறுகி வந்தார். அதற்குள் தெற்கே இருக்கும் சிதம்பரம் எங்களை முந்திக்கொண்டு இரண்டு நாயன்மார்களைத் திரைக்கு அனுப்பிவிட்டது.

அவர்களிடம் போகுமுன், அந்தக் காலத்துப் படங்கள் நல்லொழுக்கத்தைக் கையாண்ட முறையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். தமிழின் முதல் பேசும் படம் என்று சொல்லப்படும் ‘காளிதாஸ்’ 1931 தீபாவளியை ஒட்டி வந்தது. எச்.எம். ரெட்டி எடுத்தது. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழ் பேசினார். காளிதாசனாக நடித்தவர் தெலுங்கு பேசினார். மனைவி ஒரு மொழி, கணவன் ஒரு மொழி. இருவருக்கும் புரியவில்லை, இருந்தாலும் கதை நகர்ந்தது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை, பல வீடுகளில் ஒரே மொழியை வைத்துக்கொண்டும் அப்படித்தான் நடக்கிறது. அதிசயம், அந்தப் படத்தில் காந்தியின் ராட்டினத்தைப் புகழ்ந்து ஒரு பாட்டு இருந்ததுதான். எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். காளிதாசன் காலத்துக்கும் கதருக்கும் நடுவில் ஆயிரத்து சொச்சம் ஆண்டு இடைவெளி இருக்கிறதே என்று கொட்டகையில் ஒருவரும் எழுந்து கேட்கவில்லை. வெள்ளைக்காரன் சென்சாரில் போலீஸ் கமிஷனர் உட்கார்ந்திருந்த காலம். நேராகச் சொன்னால் கத்தரி விழும். ராஜா, ராணி, சாமி, பூதம் இவர்கள் வாயில் போட்டால் தப்பிக்கலாம். ஆரம்பகாலத் தமிழ்ப் படம் சமூகத்தைப் பற்றிச் சொல்ல நினைத்ததையெல்லாம் இப்படித்தான் சாமி தலையில் ஏற்றிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல நின்றது.

சிதம்பரத்தின் முதல் ஏற்றுமதி, தில்லைக் குயவர் திருநீலகண்டர். 1939-இல் ராஜா சாண்டோ இயக்கத்தில் பாகவதர் நடித்தார். கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். மண்பாண்டம் வனைகிற நல்ல மனிதர், பெரிய சிவபக்தர், ஒரு நாள் பரத்தை வீட்டுக்குப் போய்விட்டு வருகிறார். மனைவி சண்டை போடவில்லை, பிறந்த வீட்டுக்கும் போகவில்லை. கணவன் தலைமேல் வைத்துக் கொண்டாடும் அந்தத் திருநீலகண்டத்தின் மேலேயே ஆணையிட்டு, தொடாதே என்றாள். அவ்வளவுதான். அவர் அவளை மட்டுமல்ல, உலகத்துப் பெண்கள் எல்லாரையுமே விட்டுவிட்டார். ஒரே சின்ன வீட்டில், இளமையிலிருந்து கிழப்பருவம் வரை, சோறு தண்ணீர் எல்லாம் சரியாக நடக்க, தொடாமலே வாழ்ந்தார்கள். அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது. புராணம் இதைச் சிவபக்தியின் உச்சம் என்கிறது. ஒரு பெண் வாயைத் திறந்து ஒரே வாக்கியம் பேசி ஒரு ஆணை நாற்பது ஐம்பது வருஷம் நிறுத்திவைத்த கதை இது என்று எந்தப் பிரசங்கியும் சொல்லி நான் கேட்டதில்லை.

கடைசியில் சிவனே யோகியாக வந்து, திருவோட்டைக் கொடுத்து, அதை மாயமாக்கி, திருடன் என்று பட்டம் கட்டி, மனைவி கையைப் பிடித்துக் குளத்தில் முழுகிச் சத்தியம் செய் என்று ஊரைக் கூட்டுகிறார். இவர்களோ ஆளுக்கொரு முனையாக மூங்கில் கழியைப் பிடித்துக்கொண்டு முழுகினார்கள். எழும்போது இருவரும் இளமையாக எழுந்தார்கள். சிதம்பரத்தில் இளமையாக்கினார் கோயிலும் குளமும் இன்றும் உண்டு. இத்தனை கோடி ரூபாய்க்கு முகத்துக்குப் பூசும் களிம்பு விற்கிற நாட்டில் அந்தக் குளத்தைச் சுற்றிக் கூட்டம் நெரியாததை வைத்தே தமிழனின் பக்தி எந்த அளவு என்று கணக்குப் போடலாம்.

சினிமாவுக்கு இதில் என்ன லாபம்? ஒழுக்கத்தைச் சொல்லப் பத்து நிமிஷம் போதும். ஒழுக்கக்கேட்டைக் காட்ட ரீல் ரீலாக வேண்டும். தாசி வீட்டுக்குப் போகாதே என்று கண்டிப்பதற்கு முன்னால் தாசி வீடு எப்படி இருக்கும், அங்கே எப்படி ஆடுவார்கள், எவ்வளவு நன்றாகப் பாடுவார்கள் என்பதையெல்லாம் விளக்கமாகக் காட்ட வேண்டாமா? பார்க்க வந்தவர்கள் அந்த ரீல்களை மிகுந்த மனவேதனையோடு ஒன்ஸ்மோர் கேட்டார்கள். ‘ஹரிதாஸ்’ (1944) இந்த வித்தையின் சிகரம். முதல் பாதியில் பாகவதர் செய்யாத அக்கிரமம் இல்லை. டி.ஆர். ராஜகுமாரியிடம் சொத்தைத் தொலைக்கிறார், பெற்றவர்களைத் துரத்துகிறார். பிற்பாதியில் கால் போய், புத்தி வந்து, தாய் தந்தையே தெய்வம் என்று உருகுகிறார். படம் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. மூன்று தீபாவளிக்கும் திரும்பத் திரும்ப வந்தவர்கள் பெற்றோர் பக்திக்காகத்தான் வந்தார்கள் என்று நம்புகிறவர்கள் கையைத் தூக்கலாம்.

இதில் இன்னொரு வேடிக்கை. தாசி ஒழிப்புக்கு முத்துலட்சுமி ரெட்டி அதற்கு முன்பே சட்டசபையில் போராடியிருந்தார். சட்டம் வர 1947 ஆயிற்று. அந்தக் காலத்தில் மேடையிலும் திரையிலும் ஆடிப் பாடத் தயாராக இருந்த பெண்களில் பலர் அந்த மரபில் வந்தவர்கள்தான். வேறு வீட்டுப் பெண்களைச் சினிமாவுக்கு அனுப்ப மாட்டார்கள். ஆகவே தாசிகளைப் பழிக்கும் படத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு பத்தினியாகவும் நடித்து, பத்தினியின் வாயால் தங்கள் பாட்டிமார்களைத் திட்டவும் செய்தார்கள். படம் பார்த்து ஒழுக்கம் கற்றுக்கொண்டு வீடு திரும்பிய கனவான்கள் நடிகையின் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

இனி நந்தன். இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. கதையிலேயே நெருப்பு இருக்கிறது.

சேக்கிழாரின் நந்தன் ஆதனூர்ப் புலைப்பாடிக்காரர். கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுப்பவர். கொடுத்த தோல் உள்ளே போகும், கொடுத்தவர் போகக்கூடாது. திருப்புன்கூரில் வாசலில் நின்று எட்டிப்பார்த்தார், நந்தி மறைத்தது, சிவன் நந்தியைக் கொஞ்சம் ஒதுங்கச் சொன்னார். கதவைத் திறந்து உள்ளே வா என்று சொல்வதைவிட, சில டன் கல் மாட்டை நகர்த்துவது சிவனுக்கே எளிதாக இருந்திருக்கிறது. தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்ததால் திருநாளைப்போவார் என்று பெயர். கடைசியில் போனார். தீ வளர்த்து அதில் மூழ்கி வா என்று கனவில் உத்தரவு. மூழ்கினார். பூணூலும் சடையுமாக முனிவராக எழுந்தார், சந்நிதிக்குள் போனார், மறைந்தார். உள்ளே போனதை எல்லாரும் பார்த்தார்கள். திரும்பி வந்ததைப் பார்த்தவர் இல்லை. தீ வளர்த்த இடம் என்று சிதம்பரத்தில் ஓமக்குளத்தைக் காட்டுவார்கள்.

சேக்கிழார் சொன்ன கதையில் ஒரு பண்ணையார் குறைந்தார். அதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் சரிசெய்தார். அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில்தான் வேதியர் வருகிறார். நந்தன் பண்ணையாள், சிதம்பரம் போக லீவு கேட்கிறான், வேதியர் கொடுக்கவில்லை. தமிழ் இலக்கியத்தில் லீவு லெட்டரை மையமாக வைத்து எழுந்த முதல் காவியம் இதுதான் என்று நினைக்கிறேன். நாற்பது வேலி நிலத்தையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. நாற்பது வேலி என்றால் ஏறக்குறைய 265 ஏக்கர். தொழிற்சங்கம் இல்லாத காலம், நந்தன் சாமியிடம் முறையிட்டான். சிவன் பூதகணங்களை அனுப்பி ஒரே ராத்திரியில் விளையவைத்துவிட்டார். கவனியுங்கள்: ஆண்டை மனத்தில் இரக்கத்தை விளையவைக்கவில்லை, நெல்லைத்தான் விளையவைத்தார். நெல் யாருக்குப் போயிற்று? வேதியர் களஞ்சியத்துக்குத்தான். ஒரு பைசா கூலி இல்லாமல் 265 ஏக்கர் சாகுபடி ஆனதைக் கண்ட ஆண்டை நந்தன் காலில் விழுந்தார். யார்தான் விழமாட்டார்கள்?

இந்தக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வீட்டுக்குப் பாரதியார் நடையாய் நடந்தார். இலக்கணப் பிழை இருக்கிறதென்று பிள்ளை இழுத்தடித்தார். பிறகு திண்ணையில் உட்கார்ந்து பாரதியார் பாடியதைக் கேட்டு மனம் கரைந்து எழுதிக் கொடுத்தார். உ.வே. சாமிநாதையர் எழுதிவைத்திருக்கும் கதை இது. நந்தனைப் பற்றி எழுதினவருக்கும் திண்ணை வரைதான் முதலில் அனுமதி.

நந்தனை மௌனப் படக் காலத்திலேயே எடுத்துவிட்டார்கள். ஆனால் ஊரைக் கூட்டியது 1935-இல் வந்த ‘பக்த நந்தனார்’தான். அசன்தாஸ் என்ற தயாரிப்பாளருக்கு நந்தனாக நடிக்க கே.பி. சுந்தராம்பாள் வேண்டும். கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் இறந்த பிறகு அவர் வெள்ளைப் புடவைக்கு மாறி, எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று இருந்தவர். ஆளைத் துரத்துவதற்காக ஒரு லட்சம் ரூபாய் கேட்டாராம். துரத்தப்பட்டவர் சரி என்றுவிட்டார். அன்றைக்கு இந்தியாவில் எந்த நடிகரும் கேட்டிராத தொகை. ஆண்டைக்கு நாற்பது வேலி சும்மா உழுத நந்தனாரின் கூலி பாக்கியெல்லாம் ஆயிரத்து சொச்சம் வருஷ வட்டியோடு ஒரே செக்கில் வந்து சேர்ந்தது. வாங்கியவர் வேறு ஆள், அவ்வளவுதான்.

வேதியராக மகாராஜபுரம் விசுவநாதய்யர். கர்நாடக சங்கீதத்தின் பெரிய சிங்கம். நந்தனாக ஒரு பெண், அதுவும் விதவை. சாஸ்திரப்படி பார்த்தால் இந்த ஒரு ஃபிரேமில் எத்தனை தீட்டு என்று எண்ணி முடிக்க முடியாது. கோயிலுக்குள் நிஜமாக நடக்கக்கூடாததெல்லாம் ஸ்டூடியோவில் ஆர்க் விளக்கு வெளிச்சத்தில் நடந்தது. இயக்கியவர் மாணிக்லால் டாண்டன் என்ற வடநாட்டுக்காரர். இவ்வளவு செலவுக்குப் பிறகு ஆனந்த விகடனில் கல்கி விமர்சனம் எழுதினார். நடிப்பில் அவர் பாராட்டியது ஒரு மரத்தையும் எருமையையும். ஒரு லட்சம் வாங்கியவரைவிடப் புல் தின்றது நன்றாக நடித்தது என்று எழுதுவதற்கு ஒரு நெஞ்சு வேண்டும். பாட்டு நன்றாக இருந்தது என்பதில் மட்டும் யாருக்கும் தகராறில்லை. பாட்டு நன்றாக இருந்தால் தமிழன் எந்தப் புரட்சியையும் உட்கார்ந்து கேட்பான்.

1942-இல் ஜெமினி வாசன் மறுபடி எடுத்தார். முருகதாசா இயக்கம்; நந்தனாக எம்.எம். தண்டபாணி தேசிகர், வேதியராகச் செருகளத்தூர் சாமா. இது எருமையை நம்பாத படம், நன்றாகவே ஓடியது. இதற்குள் வெளியே சில விஷயங்கள் நடந்திருந்தன. 1936-இல் திருவிதாங்கூர் மகாராஜா கோயில்களை எல்லாச் சாதிக்காரர்களுக்கும் திறந்துவிட்டார். 1939 ஜூலையில் வைத்தியநாதய்யர் ஒடுக்கப்பட்டவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நடந்தே போய்விட்டார். தீ ஒன்றும் வளர்க்கவில்லை. அப்படியிருக்க, நந்தன் மட்டும் இன்னும் ஏன் வேக வேண்டும் என்ற கேள்வி வந்தது. கோலார் தங்கவயலில் தொழிலாளர்கள் இந்த நெருப்புக் காட்சியை எதிர்த்ததாகவும், வாசன் அந்த ஊருக்கென்று நந்தன் நேரே சந்நிதிக்குள் நடந்து போகிற மாதிரி தனி முடிவு எடுத்துக் கொடுத்ததாகவும் சினிமாக்காரர்கள் ஒரு கதை சொல்வார்கள். வாசன் செய்யக்கூடிய ஆள்தான். தங்கவயலில் சுரங்கத்துக்குள் தினமும் ஆயிரக்கணக்கான அடி இறங்கி வெந்துகொண்டிருந்தவர்களுக்கு, டிக்கெட் வாங்கி அதையே இன்னொரு தரம் பார்க்க விருப்பமில்லாமல் போனதில் என்ன ஆச்சரியம்?

சிதம்பரத்திலேயே இதற்கெல்லாம் முன்னால் ஒருவர் தீயையும் பூதத்தையும் நம்பாமல் வேறு வழி பார்த்தார். சுவாமி சகஜானந்தர், 1916-இல் நந்தனார் பெயரிலேயே பள்ளிக்கூடம் தொடங்கினார். நந்தன் வெளியே நின்ற ஊரில் நந்தன் பெயரைப் பலகையில் எழுதி, பிள்ளைகளை உள்ளே உட்காரவைத்தார். 1927-இல் காந்தி சிதம்பரம் வந்தபோது நந்தனைச் சத்தியாகிரகி என்று கொண்டாடிப் பேசினார். ஆனால் நந்தனைச் சினிமாவாக எடுப்பதைப் பற்றிக் கேட்டிருந்தால் திட்டியிருப்பார். சினிமா என்றாலே அவருக்குப் பாவம். ராஜாஜிக்கும் ஆகாது. பெரியார் பின்னாளில் நாட்டைப் பிடித்த ஐந்து நோய்களில் சினிமாவையும் சேர்த்தார். இந்த மூவரும் ஒரே கருத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள் என்றால் அது சினிமா கெட்டது என்பதில்தான். அந்த ஒற்றுமையைத் தமிழ் மக்கள் ஒரு வாரம்கூட மதிக்கவில்லை.

சாமியை இழுக்காமல் நேராகப் பேசிப் பார்த்தவர் ஒருவர் உண்டு, கே. சுப்ரமண்யம். ‘பாலயோகினி’ (1937) எடுத்தார். விதவையை மொட்டையடித்து மூலையில் உட்காரவைப்பதையும் சாதியையும் கேட்டார். சொந்தச் சாதிக்காரர்கள் அவரை விலக்கி வைத்தார்கள். ‘தியாகபூமி’ (1939) எடுத்தார். கல்கி கதை, பாபநாசம் சிவன் சம்பு சாஸ்திரி. அதில் கைவிடப்பட்ட மனைவி பணக்காரியாகி, சேர்ந்து வாழக் கேட்டு கோர்ட்டுக்குப் போன புருஷனுக்கு நானே ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள். சர்க்கார் தடை போட்டது. நேராகப் பேசினால் என்ன ஆகும் என்று மற்ற தயாரிப்பாளர்கள் அதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டு, மறுபடி நாரதருக்குப் போனார்கள்.

இத்தனை படமும் சொன்ன உபதேசத்தைவிடக் கொட்டகை செய்த காரியம்தான் பெரிது என்று கா. சிவத்தம்பி எழுதினார்: தமிழர்கள் சாதி பார்க்காமல் ஒரே கூரைக்குக் கீழே சேர்ந்து உட்கார்ந்த முதல் அரங்கு சினிமாக் கொட்டகை. தரை, பெஞ்சு, நாற்காலி என்று பிரிவு இருந்தது. ஆனால் அதைக் காசு தீர்மானித்தது. காசு உள்ள நந்தன் பெஞ்சில் உட்காரலாம், காசில்லாத வேதியர் தரையில். விளக்கை அணைத்ததும் யார் மூச்சு யார்மேல் படுகிறது என்று தெரியாது. திரையில் நந்தன் வாசலில் நின்று அழுகிறான். அதைப் பார்த்து இந்தப் பக்கம் வேதியரும் அந்தப் பக்கம் நந்தனும் ஒரே இருட்டில் மூக்கைச் சிந்துகிறார்கள். படம் முடிந்து வெளியே வந்ததும் அவரவர் தெரு. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் 1947-இல் வந்தது. ஓரணா இரண்டணா கொடுத்து அதே கோயிலைத் திரையில் உள்வரை பார்த்துவிட்டவர்களுக்குச் சட்டம் வந்தபோது வழி கேட்க வேண்டியிருந்திருக்காது.

தண்டபாணி தேசிகரைப் பற்றி ஒரு வார்த்தை பாக்கி. தேவாரம் ஓதுகிற மரபில் வந்தவர். எங்கள் ஊர் அப்பர் பாடியதைப் பாடித்தான் தொழில் கற்றவர். நாங்கள் அனுப்பிவைத்த ஆள் என்றே சொல்லிக்கொள்வேன். நந்தனாக நடித்தபோது சிதம்பரத்துக்குள் காலை வைக்க அவருக்கு ஒரு ஆண்டையின் அனுமதியும் பூதகணங்களின் இரவு ஷிப்டும் ஒரு குழி நெருப்பும் தேவைப்பட்டன. பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை இசைப் பேராசிரியராக்கிச் சிதம்பரத்துக்கே கூப்பிட்டது. இம்முறை நியமன உத்தரவு ஒன்றுதான் கேட்டார்கள். சம்பளம் மாதாமாதம் வந்தது, லீவு கேட்டால் கொடுத்தார்கள்.